நாடிக்கு மாதிரி விடை

மரியபுஷ்பத்துக்கு வேலை தெரியுமா என்ற கேள்வி அம்மாபேட்டையில் யாருக்கும் எழுந்ததில்லை. டாக்டர் ஆனந்தகுமாரின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக நாடி பார்ப்பது, ஊசி போடுவது, சீட்டு எழுதுவது, சண்டைக்கு வருகிறவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். கிளினிக்குக்கு இந்தப் பக்கமும் தறிக்கூடம், அந்தப் பக்கமும் தறிக்கூடம். காலையில் தொடங்கும் சத்தம் கரண்ட் போனால்தான் நிற்கும். அந்தச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று கண்டு, விரலை நம்பப் பழகியவள். மணிக்கட்டைப் பிடித்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் எண்ணுவாள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற வழக்கம் அவளிடம் கிடையாது. "மிச்ச முக்கால் நிமிஷம் இதயம் என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

சந்தேகம் எழுந்த ஒரே இடம் அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டின் மேல் இருந்தது. மருத்துவ உதவியாளர் தகுதிச் சான்றளிப்புப் பேரவை என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம். ஆனால் பேரவை அவ்வளவு சுலபமாகக் கொடுக்கிற ரகம் இல்லை.

"புஷ்பம், மார்ச் மாசத்துக்குள்ள சர்டிபிகேட் வாங்கிடணுமாம்" என்றார் டாக்டர். "இல்லாதவங்க நோயாளியைத் தொடக் கூடாதாம். இன்ஸ்பெக்ஷன் வருது."

"நான் தொடாம யாரு சார் தொடறது? நீங்களா?"

டாக்டர் யோசித்தார். தாம் கடைசியாக நாடி பிடித்த வருஷம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ரிஜிஸ்டர்ல உன்னைக் கூட்டற ஆளுன்னு எழுதிடறேன். கூட்டறவங்களுக்கு சர்டிபிகேட் தேவையில்லை. பேப்பர்ல மட்டுந்தான்."

மரியபுஷ்பத்துக்கு முகம் சுண்டிப்போனது. "கூட்டறதும் நான்தான் சார். காலையில வந்ததும் கூட்டிட்டுத்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கறேன். ஆனா அப்படி எழுதிடாதீங்க. நான் பரீட்சையே எழுதிடறேன்."

பேரவை இயங்கியது ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தில். மணமகன் அறையில் மருத்துவப் பிரிவுத் தேர்வு, மணமகள் அறையில் நிர்வாகப் பிரிவுத் தேர்வு. சமையல்கூடத்தில் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். வாசலில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாகச் சின்னண்ணன் என்கிற வாட்ச்மேன் நின்றார். சேந்தமங்கலத்துக்காரர். மண்டபம் மண்டபமாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். வந்தவர்களைப் "பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?" என்று கேட்டு அறை காட்டிக்கொண்டிருந்தார். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி பேரவை இரண்டு முறை அவருக்கு எழுதியிருந்தது.

முதலில் நிர்வாகம். நோயாளியை உறுதிசெய்துகொள்ள இரண்டு அடையாளங்கள் எவை என்று கேள்வி. விடை, பெயரும் பிறந்த தேதியும். மரியபுஷ்பம் இப்படி எழுதினாள்: எங்கள் தெருவில் செல்வராஜ் என்று பதினொரு பேர். அதில் ஏழு பேருக்குப் பிறந்த தேதி ஜூன் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. அதனால் பட்டப்பெயரும் எந்தத் தறிக்கூடம் என்பதும் கேட்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் மாத்திரை மாறியதில்லை.

பூஜ்யம்.

அடுத்து மணமகன் அறை. தேர்வாளர் நவீன்குமார் முப்பது வயசுக்காரர், கையில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாகத் தாள். "முதல்ல கை கழுவுங்க. ஏழு படி."

குழாயைத் திருகினால் காற்று வந்தது.

"தண்ணி வந்ததா நினைச்சுக்கிட்டுக் கழுவுங்க" என்றார் நவீன்குமார்.

அவளுக்கு முன்னால் ராசிபுரத்துப் பெண் சௌந்தர்யா கழுவிக்கொண்டிருந்தாள். பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்தவள். வெறுங்காற்றில் விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று ஏழு படியும் கழுவி, கடைசியில் கையை இரண்டு உதறு உதறி, இல்லாத துணியில் துடைத்தும் காட்டினாள். முழு மதிப்பெண். மரியபுஷ்பத்துக்கு அது வரவில்லை. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலையும் சோப்பையும் எடுத்து நிஜமாகவே கழுவிவிட்டாள். 'பேரவை வளாகத்தை நனைத்தது' என்று நாலு மதிப்பெண் குறைத்தார்கள்.

அப்புறம்தான் நோயாளி. கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. அழுக்காகிவிடக் கூடாது என்று தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் 'பொருள் எண் 17' என்று சீட்டு.

"நோயாளிகிட்ட அனுமதி கேளுங்க."

"உங்க பல்ஸ் பார்க்கலாங்களா?" என்றாள் மரியபுஷ்பம்.

பத்து விநாடி காத்திருந்தார்கள். பொம்மை மறுக்கவில்லை. மறுக்காவிட்டால் சம்மதம் என்று கட்டத்தில் டிக் விழுந்தது.

உறைக்கு மேலேயே மணிக்கட்டைப் பிடித்தாள். தேர்வுக்கு ஒதுக்கியது பதினைந்து விநாடி. அவள் கெஞ்சி ஒரு நிமிஷம் வாங்கினாள். மற்றக் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"சார், பல்ஸ் இல்லைங்க."

"நல்லாப் பாருங்க."

"தறி ஓடற சத்தத்துலயே எனக்குத் தெரியும் சார். இங்க அமைதியா வேற இருக்கு. இல்லைங்க."

நவீன்குமாருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அம்மா, இவர் பேரவையோட நோயாளி. உங்களுக்கு முன்னாடி பதினாறு பேர் பார்த்தாங்க. எல்லாருக்கும் எழுபத்திரண்டு இருந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?"

"பேட்டரி தீர்ந்துபோச்சோ என்னமோ."

"பேட்டரி எப்படித் தீரும்? போட்டாத்தானே தீரும்? அது தலைவர் பீரோல பத்திரமா இருக்கு. உள்ளேயே வெச்சாக் கசிஞ்சு நோயாளி கெட்டுப்போயிடுவார்."

"அப்ப பல்ஸ் எப்படிங்க வரும்?"

"விடைத்தாள்ல வரும்" என்றார் நவீன்குமார், பொறுமையாக.

பத்தாம் நாள் முடிவு வந்தது. தோல்வி. காரணம் என்ற இடத்தில், 'தேர்வின்போது நோயாளி இறந்துவிட்டார்' என்று தட்டச்சு செய்திருந்தது.

அவள் கணவன் ஜெரால்டுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. கடிதத்தை இரண்டு முறை படித்தான். "பேட்டரி இல்லாத போன்ல சிக்னல் ஃபுல்லா இருக்குன்னு சொன்னா என் கடையில கல்லு வுடுவாங்க. நீ எழுதிப்போடு புஷ்பா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எழுதிப்போட்டாள். நியாயம் இருந்தது, ஆனால் அதற்கும் ஒரு குழு தேவைப்பட்டது. மூன்று பேர் கொண்ட நாடி ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழு ஐந்து மாதம் கூடியது. ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர்கள் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்தார்கள், பிறகு போண்டா சாப்பிட்டார்கள். ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் தனக்கு லேசாகத் துடிப்பதுபோல் இருக்கிறது என்றார். அது அவருடைய கட்டைவிரலின் துடிப்பு என்று முடிவாக இன்னொரு கூட்டம் போடவேண்டி வந்தது. கடைசியில் சுற்றறிக்கை வந்தது. அதை அப்படியே தருகிறேன், கூட்டிக் குறைக்க எனக்குத் துணிச்சல் இல்லை:

'பொருள் எண் 17-க்கு நாடி இல்லை என்பது இக்குழுவால் உறுதி செய்யப்படுகிறது. எனினும், எந்தத் தேதியிலிருந்து இல்லை என்பதற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. எனவே இதுவரை தேர்வர்கள் எழுதிய எழுபத்திரண்டு என்ற விடை அந்தந்தத் தேதியில் சரியே எனக் கொள்ளப்படும். இனி நடைபெறும் தேர்வுகளில் நோயாளியின் நாடிக்கு மாதிரி விடை: நாடி இல்லை. திருமதி மரியபுஷ்பம் மறுதேர்வு எழுத அனுமதிக்கப்படுகிறார்.'

"பார்த்தியா, நீ சொன்னதுதான் இப்ப விடையே!" என்று ஜெரால்டு கேக் வாங்கி வந்தான். அவளுக்கும் மனசு நிறைந்திருந்தது. ஜனவரியில் மறுதேர்வு. அதில் பாஸானால் மார்ச்சுக்குள் சான்றிதழ் வந்துவிடும். கூட்டுகிற ஆள் என்று யாரும் எழுதவேண்டியதில்லை.

ஜனவரியில் மணமகன் அறைக்குள் நுழைந்தவள் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திகைத்தாள். பொம்மை இல்லை. அங்கே சின்னண்ணன் படுத்திருந்தார், தொப்பியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு.

"வாங்க அம்மிணி, சௌக்கியங்களா?" என்றார் படுத்தபடியே.

"இவர் எதுக்கு சார் இங்க?"

"பதினேழாம் எண்ணைச் சேதாரப் பட்டியல்ல சேர்த்து சீல் வெச்சாச்சு" என்றார் நவீன்குமார். "உயிர் இல்லாத பொருளை வெச்சுத் தேர்வு நடத்த விதியில இடம் இல்லை. அதனால உயிருள்ள நோயாளி."

"சரிங்க. அப்ப விடை?"

"விடை சுற்றறிக்கையில இருக்கு. அதை மாத்தணும்னா இன்னொரு குழு போடணும்."

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சௌந்தர்யாவும் வந்திருந்தாள், கோப்பு சமையல்கூடத்தில் தொலைந்துபோன முப்பத்தொன்பது பேரோடு அவளும் மறுபடி எழுதுகிறாள். மரியபுஷ்பத்தையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவராகச் சென்று சின்னண்ணனின் கையைப் பிடித்து, பதினைந்து விநாடி முகத்தைக் கனமாக வைத்திருந்து, "நாடி இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். நடுவில் ஒருமுறை சின்னண்ணனுக்கு இருமல் வந்தது. நவீன்குமார் அவர் இருமி முடிக்கும்வரை தேர்வை நிறுத்தி வைத்தார்.

அவள் முறை வந்தது. கையைப் பிடித்தாள். கும் கும்மென்று அடித்தது. தொண்ணூறுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தீந்துபோயி மூணு மாசமாச்சுங்க. அத உடுங்க, நீங்க எழுதுங்க."

அவள் கை எழவில்லை. பொம்மைக்கே இல்லாததை இருக்கு என்று சொல்லாதவள். இங்கே ஒரு மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவென்று சொல்வது? மார்ச் மாதம் கண்முன் வந்தது. டாக்டரின் ரிஜிஸ்டர் வந்தது.

சின்னண்ணன் தலையைத் தூக்கினார். "அட எழுது சாமி. நாடி இல்லைன்னு எழுதிப்போட்டா எனக்கென்ன கொறஞ்சா போயிரும்? எழுதிட்டுப் போயி பொழப்பப் பாரு."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு அவமானத்தில் காது சூடாக இருந்தது. திரும்பிப் போய் அவரிடம், "நாளைக்கே அம்மாபேட்டைக்கு வாங்க, நான் மாத்திரை எழுதி வாங்கித் தரேன்" என்று சொன்ன பிறகுதான் பஸ் ஏறினாள்.

பிப்ரவரியில் சான்றிதழ் வழங்கும் விழா. கல்யாண மேடையில், மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலியில் பேரவைத் தலைவர் ஜீவானந்தம் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு கட்டி அவிழ்த்து ஓய்வு பெற்றவர். எழுந்து மைக்கைத் தட்டினார்.

"மருத்துவத் துறையில் இன்றைக்கு ஏற்படும் குழப்பங்கள் அனைத்துக்கும் காரணம் நோயாளிகள்தாம். ஒருவருக்கு நேற்று ஒரு நாடி, இன்று ஒரு நாடி. இப்படி இருந்தால் நாம் எப்படி மதிப்பெண் போடுவது? விடை நிலையாக இருந்தால்தான் கல்வி நிலையாக இருக்கும். நாற்பத்தொரு பேரும் ஒரே விடை சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஒற்றுமையை எந்த மருத்துவமனையிலாவது பார்க்க முடியுமா? என்னைக் கேட்கிறார்கள், உனக்கு மருத்துவம் தெரியுமா என்று. பெருமையாகச் சொல்கிறேன், நான் இதுவரை ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. அதனால்தான் என்னால் நடுநிலையோடு இருக்க முடிகிறது."

கைதட்டல் எழுந்தது. சின்னண்ணன் வாசலில் நின்று தானும் தட்டினார்.

டாக்டர் ஆனந்தகுமார் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினார். பதினொரு செல்வராஜும் வந்து பார்த்தார்கள். "அக்கா, இத்தனை நாள் இது இல்லாமலா எங்களுக்கு ஊசி போட்டீங்க?" என்று ஒரு செல்வராஜ் பயந்துபோய்க் கேட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை சின்னண்ணன் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாத்திரைக்கு வாரந்தோறும் வருகிறவர்தான். அன்று தொப்பி இல்லை.

"என்னங்கண்ணா, டூட்டி இல்லையா?"

"எனக்கு இனிமே டூட்டி இல்லீங்களாமா அம்மிணி. நா செத்துப்போயிட்டனுங்களாமா."

"என்ன பேச்சு இது?"

"மெய்யாலுந்தானுங்க. தணிக்கைக்கு வந்தவங்க அந்த நாப்பத்தொரு சீட்டையும் எடுத்துப் பாத்துப்போட்டு, 'நாடி இல்லாத ஆளு எப்பிடி டெய்லி கையெழுத்துப் போடறாரு?'ன்னு கேட்டுப்போட்டாங்க. ரிஜிஸ்டர்ல எம்பேருக்கு நேரா செவப்பு மையில கோடு கிழிச்சு, காலமானார்ன்னு எழுதியாச்சு. தலைவரு நல்ல மனுசனுங்க. எம்மேல அவருக்கு ஒண்ணும் வருத்தம் இல்லைன்னு சொன்னாரு. எல்லாத்தையும் கூப்பிட்டு ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிக்கச் சொன்னாருங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எல்லாரும் நிக்கறப்ப நா மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நானும் தொப்பியக் கழட்டிட்டு நின்னனுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த கேட்டத் தொறந்து சாத்தி இருவத்தேழு வருசமாச்சுங்க. ஊட்ல உக்காந்தா என்ன பண்றதுன்னு தெரியல" என்றார்.

அவருக்கு ஒன்றும் குறைந்து போகாது என்றுதானே எழுதினோம்! மரியபுஷ்பம் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் தமது தாளிலேயே, 'இவர் உயிருடன் இருக்கிறார்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பேரவை அதைத் திருப்பி அனுப்பியது. டாக்டர் ஆனந்தகுமார் பேரவையின் சான்றிதழ் பெற்றவர் இல்லை. பேரவை வளாகத்தில் எடுத்த நாடியைத் திருத்த, அதை எடுத்தவர்களில் ஒருவர்தான் வரவேண்டும். நாடித் திருத்தப் படிவம் நிரப்பவேண்டும். தவறான நாடி எழுதியவரின் சான்றிதழ் விதிப்படி ரத்தாகும்.

மற்ற நாற்பது பேருக்கும் அவள் போன் போட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. சௌந்தர்யா எடுத்தாள். "ஐயோ பாவம் அந்தத் தாத்தா" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். "ஆனா என் கல்யாணப் பத்திரிகையில மருத்துவ உதவியாளர்னு அடிச்சாச்சுக்கா. இப்ப எப்படிக்கா?"

மறுநாள் மரியபுஷ்பம் சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சின்னண்ணனையும் கூட்டிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் போனாள். போனதும் சின்னண்ணன் பழக்கத்தில் சமையல்கூடத்துக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"அவர் இங்கே இல்லைன்னு வெச்சுக்கிட்டுப் பேசுவோம்" என்றார் தலைவர். "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்று இல்லாதவரிடம் சொன்னார்.

மரியபுஷ்பம் சின்னண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தாள். "பேசாம மூச்சு விடுங்க அண்ணா." சுவரில் ஓடுகிற கடிகாரம் இல்லை, நவீன்குமார் தன் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு முழு நிமிஷம். எண்பத்திரண்டு. படிவத்தில் எழுதினாள். அடுத்த கட்டம், 'முன்பு எழுதியது தவறா?' என்று கேட்டது.

பேனா நின்றதைப் பார்த்துத் தலைவர் குரலைத் தணித்தார். "அம்மா, உங்க திறமை எனக்குத் தெரியும். உங்க சான்றிதழ் போறதுல எனக்கு விருப்பம் இல்லை. சுற்றறிக்கையிலேயே வழி இருக்கு பாருங்க. அந்தந்தத் தேதியில் சரி. ஜனவரியில் நாடி இல்லை, அது அன்னிக்குச் சரி. இன்னிக்கு இருக்கு, இது இன்னிக்குச் சரி. 'தவறு இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. உங்க சான்றிதழ் உங்களுக்கு. இவரைப் புது ஆளா எடுத்துக்கறோம்."

"அப்ப இருபத்தேழு வருஷ சர்வீஸ்?"

"அது இறந்துபோனவரோட சர்வீஸ் இல்லையா?"

சின்னண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பிடியே எழுதிரு சாமி. புது ஆளாவே இருந்துட்டுப் போறன்" என்றார்.

அன்றைக்கும் இவர் இதையேதான் சொன்னார். எழுது சாமி என்றார். மரியபுஷ்பம் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: 'அன்றும் நாடி இருந்தது. தொண்ணூறுக்கு மேல் இருந்தது. தெரிந்தே இல்லை என்று எழுதினேன். தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து சட்டத்தோடு சான்றிதழை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

தலைவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். கோபம் இல்லை, நிஜமான வேதனை. "இப்படிப்பட்டவங்களை வெச்சுக்கிட்டு ஒரு பேரவையை எப்படிம்மா நடத்தறது?" என்றார்.

வருகைப் பதிவேட்டில் 'காலமானார்' என்பதை அடித்து, 'காலமாகவில்லை' என்று பச்சை மையில் எழுதினார்கள். சின்னண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மார்ச் கடைசியில் டாக்டர் ரிஜிஸ்டரைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், பெயருக்கு நேரே 'கூட்டுபவர்' என்று எழுதினார். "பேப்பர்ல மட்டுந்தான் புஷ்பம்." அவள் சரி என்றாள். வீட்டுக்குப் போய் அழுதாள். இன்ஸ்பெக்ஷன் வந்த நாளில் துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். அவர்கள் படியிறங்கியதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, அடுத்த செல்வராஜின் கையைப் பிடித்தாள். ஆனால் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூலையில் மறுபடி பணம் கட்டித் தேர்வுக்கு எழுதிப்போட்டாள்.

இதற்குள் பேரவை இன்னொரு குழு போட்டு, புதுச் சுற்றறிக்கையும் விட்டிருந்தது. திருத்தப் படிவத்தில் முறைப்படி பதிவான நாடியே இனி மாதிரி விடை: எண்பத்திரண்டு. பயிற்சி மையங்களில் சுவர் முழுக்க எண்பத்திரண்டு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மணமகன் அறையில் அவளுக்கு முன்னால் இருபத்தேழு பேர் சின்னண்ணனின் கையைப் பிடித்துப் பதினைந்து விநாடி நின்று, "எண்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இந்த முறை எண்ணாவது வந்ததே என்று அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"வாங்க அம்மிணி" என்று சின்னண்ணன் கையை நீட்டினார். நவீன்குமார் பார்க்காத பக்கமாகத் திரும்பி, "எம்பத்திரெண்டுங்க. ஞாபகம் வெச்சுக்குங்க. நீங்க எழுதுனதுதான்" என்று கிசுகிசுத்தார்.

மரியபுஷ்பம் சோப்பும் தண்ணீரும் எடுத்துக் கை கழுவினாள். நாலு மதிப்பெண் போனது. மணிக்கட்டைப் பிடித்தாள். பதினைந்து விநாடி கடந்தது. முப்பது கடந்தது. நவீன்குமார் வாட்சைக் கழற்றி அவள் பக்கம் வைத்தார். துடிப்பு சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் பிடித்த கையா இது என்றிருந்தது.

"மாத்திரை விடாம சாப்பிடறீங்களா அண்ணா?"

"நீங்க சொல்லி உட்டுருவனுங்களா?"

நவீன்குமார் பேனாவின் மூடியைத் திறந்தார். கட்டத்தில் 'எண்' வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். "எவ்வளவும்மா?"

"எழுபத்தாறுங்க" என்றாள் மரியபுஷ்பம். "இப்ப நல்லா இருக்கார்."